எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயரா?

அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகும் மாணவர்கள் முதல் சில மாதங்களில் செய்யும் வேலைகளில் ஒன்று, நாலு பேராகச் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்குவது. என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஹீட்டர், ஏசி எல்லாவற்றையும் திருகிப் பார்ப்பார்கள். இருநூறு டாலராவது குறையாதா என்று பேரம் பேசுவார்கள். டயரை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. "ஆல் சீசன் டயர்தான் போட்டிருக்கிறது" என்று விற்கிறவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆல் சீசன் என்றால் எல்லாப் பருவத்துக்கும் ஆகும் என்றுதானே அர்த்தம்? கவலை விட்டது.

கார் வாங்கியது ஆகஸ்டில். பஃபலோ போன்ற ஊர்களில் நவம்பர் பிறந்தால் ஈரி ஏரியைத் தாண்டி வரும் குளிர்காற்று ஒரே இரவில் முழங்கால் உயரத்துக்குப் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் காலை. சிக்னலில் சிவப்பு விழுகிறது. பிரேக்கை மிதித்தால் காலுக்கடியில் ஏபிஎஸ் கடகடவென்று அதிர்கிறது, கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த இரண்டு விநாடிகளில்தான் முதன்முதலாக டயரைப் பற்றிய யோசனை வருகிறது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஒன்றரை டன் காரைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது நான்கே இடங்கள்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. என்ஜின், பிரேக், ஏபிஎஸ், ஏர்பேக் என்று என்ன இருந்தாலும் எல்லாம் அந்த நாலு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் சாலையோடு பேசியாக வேண்டும். அந்த ரப்பர் காய்ந்த சாலையில், ஈரச் சாலையில், பனியில் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், 'எல்லாப் பருவம்' என்ற பெயரில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது புரியும்.

பெயர் வந்த கதை

பனிக்கென்று தனி டயர் செய்யும் யோசனை பின்லாந்தில் பிறந்தது. அங்கே 1934-ல் லாரிகளுக்காகவும், 1936-ல் 'ஹக்கபெலீட்டா' என்ற பெயரில் கார்களுக்காகவும் பனி டயர்கள் வந்தன. செய்தது, பிற்பாடு கைபேசியால் உலகமெங்கும் தெரிந்த நோக்கியாவோடு இணைந்த ரப்பர் நிறுவனம். நோக்கியா என்ற பெயரை டயரில் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், வேர் ஒன்றுதான்.

அமெரிக்காவில் குளிர் பிரதேசத்துக்காரர்கள் பல்லாண்டு காலம் குளிருக்கு முன் பனி டயரை மாட்டி, வசந்தத்தில் கழற்றி வைத்து வந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை ஜாக்கியும் ஸ்பானருமாக மல்லுக்கட்டும் வேலை. 1977-ல் குட்இயர் நிறுவனம் 'டியெம்போ' என்ற டயரைக் கொண்டுவந்தது. ஒரே டயர், ஆண்டு முழுக்க ஓட்டலாம், மாற்ற வேண்டியதில்லை. ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? சில ஆண்டுகளில் புது கார்களில் ஆல் சீசன் டயரோடு வருவதே வழக்கமாகிவிட்டது. சௌகரியத்துக்காக வந்த ஒரு ஏற்பாடு, நாளடைவில் பாதுகாப்புக்கான உத்தரவாதம் போலத் தோன்ற ஆரம்பித்தது. தப்பு தொடங்கியது அங்கேதான்.

காய்ந்த சாலை

காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கு வேண்டியது முடிந்தவரை அதிக ரப்பர் தரையைத் தொடுவது. பள்ளங்கள் குறைவாக, பட்டன்கள் பெரிதாக, அசையாமல் இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். பந்தயக் கார்கள் காய்ந்த தடத்தில் பள்ளமே இல்லாத வழவழ டயரோடு ஓடுவது இதனால்தான். கோடைக்கால டயர் இங்கே முதலிடம், ஆல் சீசன் இரண்டாமிடம், பனி டயர் கடைசி. பனி டயரின் மெத்தென்ற ரப்பர் வெயிலில் நெளியும், சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். ஆகவே பனி டயரை ஆண்டு முழுக்கப் போட்டு ஓட்டினால் பாதுகாப்பு என்பதும் தப்பான எண்ணம்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ந்த சாலையில் எந்த நல்ல டயரும் ஓரளவு நன்றாகவே நிற்கும். ஒரு டயருக்கும் அடுத்த டயருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணமாக ஓட்டுகிறவர் உணர்வதே கடினம்.

ஈரச் சாலை

மழையில் டயரின் வேலை இரட்டிப்பாகிறது. முதலில் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும், பிறகுதான் சாலையைப் பிடிக்க முடியும். சுற்றிலும் ஓடும் ஆழமான பள்ளங்கள் தண்ணீரைப் பின்னால் தள்ளும் வாய்க்கால்கள். வேகம் கூடக்கூட தண்ணீரைத் தள்ள நேரம் போதாமல், ஒரு கட்டத்தில் டயர் சாலையை விட்டு எழும்பித் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது.

விமானங்கள் ஈரமான ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்த நாசா, 1960-களிலேயே இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தது. டயரின் காற்றழுத்தத்தைப் பவுண்டுக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 32 பவுண்டு காற்றுக்கு இது மணிக்கு சுமார் 94 கி.மீ. காற்று 24 பவுண்டாக இறங்கியிருந்தால் சுமார் 82 கி.மீ. மொட்டை டயரும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்த நிலைக்கான தோராயக் கணக்கு இது. நல்ல பள்ளம் உள்ள டயர் இதைவிடச் சமாளிக்கும். ஆனாலும் சொல்லும் பாடம் தெளிவு. பட்டன் தேய்ந்து, காற்றும் குறைந்திருந்தால், நெடுஞ்சாலையின் சாதாரண வேகமே மிதக்கும் வேகமாகிவிடும்.

புதிய ஆல் சீசன் டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு 1.6 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரே டயர் இரண்டு வேறு டயர்களாக மாறிவிடுகிறது. புதிதாக இருக்கும்போது மழையில் அருமையாக நின்ற டயர், தேய்ந்த பிறகு சட்டப்படி செல்லும், ஆனால் மழையில் செல்லாது. அங்கே மழைக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், பனிக்கு 5 மில்லிமீட்டர் அளவிலும் இருப்பது நல்லது என்று சொல்வார்கள். கால் டாலர் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் சொருகிப் பார்ப்பது எளிய சோதனை. வாஷிங்டனின் தலை முழுவதும் வெளியே தெரிந்தால் பள்ளம் 3 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டது என்று பொருள்.

ஆக, ஈரச் சாலையில் பெயரைவிடத் தேய்மானம்தான் முக்கியம். நல்ல நிலையில் உள்ள ஆல் சீசன் டயர் மழைக்குத் தாராளமாகப் போதும்.

பனி

பனியில் கதையே வேறு. மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் இறுகிப் போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ரப்பர் எண்ணெய் போல உறைவதில்லை, ஆனால் குளிரக் குளிர விறைக்கும். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். ஆல் சீசன் ரப்பர் இன்னும் கொஞ்சம் தாங்கும். பூஜ்யத்துக்கு வெகு கீழேயும் மெத்தென்று இருக்கும்படி கலவை செய்யப்பட்டது பனி டயர் மட்டுமே.

இரண்டாவது விஷயம், பட்டன்களில் கத்தியால் கீறியது போல ஓடும் மெல்லிய வெட்டுகள். வழுக்காத காலணிக்காக ஜான் சைப் என்பவர் 1920-களில் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஆங்கிலத்தில் இந்த வெட்டுகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். பனி டயரில் இவை ஏராளம். பனியில் அழுந்தும்போது இந்த வெட்டுகள் திறந்து, ஒவ்வொன்றும் ஒரு சிறு விளிம்பாகக் கடித்துப் பிடிக்கும். பள்ளங்களில் பனி அடைந்துகொள்வதும் நல்லதுதான். பனியோடு பனி நன்றாக ஒட்டும், பனியை உருட்டிப் பந்து செய்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

சராசரி என்னும் ஏமாற்று

டயர் ஒப்பீடுகளில் வழக்கமாக ஓர் அட்டவணை இருக்கும். காய்ந்த சாலைக்கு இத்தனை மதிப்பெண், ஈரத்துக்கு இத்தனை, பனிக்கு இத்தனை, கடைசியில் மொத்த மதிப்பெண். வாங்குகிறவர் பார்ப்பது அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான். பரீட்சையில் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டதை இன்னொரு பாடத்தில் ஈடுகட்டலாம். சாலையில் அது நடக்காது.

பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த உராய்வுக் குணகத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பிரேக் போட்டதும் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம்:

காய்ந்த தார்ச்சாலை (குணகம் 0.8 என்று வைத்துக்கொண்டால்) – சுமார் 12 மீட்டர்
ஈரச் சாலை (0.5) – சுமார் 20 மீட்டர்
இறுகிய பனி (0.2) – சுமார் 49 மீட்டர்
பனிக்கட்டி (0.1) – சுமார் 98 மீட்டர்

ஓட்டுகிறவர் சுதாரித்துக் காலை பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆனால், எல்லாவற்றோடும் இன்னொரு 14 மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு டயர் இன்னொன்றைவிடக் கொஞ்சம் மட்டம், அதன் குணகம் 0.05 குறைவு என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் 0.8 என்பது 0.75 ஆகும். நிற்கும் தூரம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே கூடும். அதே 0.05 பனியில் குறைந்து, 0.25 என்பது 0.20 ஆனால்? 39 மீட்டர் 49 மீட்டராகிறது. பத்து மீட்டர் வித்தியாசம்! முன்னால் நிற்கும் இரண்டு கார்களின் நீளம். அல்லது சாலையைக் கடக்கும் ஒரு தாயும் பிள்ளையும்.

வித்தியாசம் என்னவோ ஒன்றுதான், விலைதான் பத்து மடங்குக்கு மேல். அதனால் மூன்று மதிப்பெண்ணையும் கூட்டி மூன்றால் வகுப்பது அடிப்படையிலேயே தவறு. பனி பெய்யும் ஊரில் டயர் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பனிக்கான மதிப்பெண்ணை. பனியே பெய்யாத ஊரில் இருப்பவர் ஈரத்துக்கான மதிப்பெண்ணை. காய்ந்த சாலைக்கான மதிப்பெண் இரண்டு பேருக்கும் கடைசிதான். டயரைச் சராசரி நாளுக்காக அல்ல, ஆண்டின் மிக மோசமான நாளுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது

பெரும்பாலான ஆல் சீசன் டயர்களின் பக்கச்சுவரில் 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம். இதைப் பார்த்ததும் பனியில் ஓட்டிப் பரிசோதித்துத் தந்த முத்திரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பள்ளங்களின் வடிவத்தையும் பரப்பையும் அளந்து தரப்படும் குறி. பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் அதற்கு இல்லை. நீச்சல் உடை போட்டிருப்பதால் நீச்சல் தெரியும் என்று சான்றிதழ் தருவதற்கு ஒப்பானது.

1999-ல் வட அமெரிக்க டயர் துறையினர் இன்னொரு குறியைக் கொண்டுவந்தார்கள். மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இதைப் பெற டயரை நிஜமாகவே பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஒப்பீட்டு டயரின் பிடிப்பை 100 என்று வைத்தால், இது குறைந்தது 110 வாங்கியாக வேண்டும். இதற்கும் எல்லை உண்டு. வட அமெரிக்கச் சோதனை பார்ப்பது பனியில் முன்னோக்கி இழுக்கும் பிடிப்பை மட்டுமே. பிரேக், வளைவு, பனிக்கட்டி எதுவும் அதில் இல்லை. இருந்தாலும் சோதனை இல்லாத எழுத்துக்கும் சோதனை நடந்த படத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

இந்தக் குழப்பத்தைச் சில அரசுகள் புரிந்துகொண்டன. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008-ல் குளிர்காலத்துக்குப் பனி டயரைக் கட்டாயமாக்கியது. 2014 டிசம்பரிலிருந்து மலைக்குறி உள்ள டயரோ ஆணி பதித்த டயரோ மட்டுமே செல்லும் என்றது. 2019 முதல் டிசம்பர் 1-லிருந்து மார்ச் 15 வரை இது கட்டாயம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனிச் சாலையில் வெறும் எம்+எஸ் குறி போதாது, மலைக்குறி வேண்டும். மறுபக்கம் தமிழர்கள் ஏராளமாக வாழும் டொரன்டோ நகரம் இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் எதுவும் இல்லை. பனி டயர் போடுகிறவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி மட்டும் 2016-ல் வந்தது.

இதில் கியூபெக் செய்ததுதான் சரி. ஒருவர் மொட்டை டயரோடு வழுக்கினால் அடிபடுவது அவர் மட்டுமல்ல. ஒழுங்காகப் பனி டயர் போட்டுக்கொண்டு எதிரே வருகிறவருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. ஹெல்மெட் போடாதவர் தன் தலையைப் பணயம் வைக்கிறார். இது அடுத்தவர் தலையை வைத்து ஆடும் ஆட்டம்.

சொல்லப்படும் சமாதானங்கள்

"நாலு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகும் கார், பனியில் பயமில்லை" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. நாலு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. சிக்கல் இல்லாமல் கிளம்பிவிட்டதால் வரும் தைரியம், நிற்க முடியாத வேகத்தில் கொண்டுபோய் விடுவதுதான் நடக்கும்.

"மெதுவாக ஓட்டினால் போதாதா?" இது நியாயமான வாதம், பாதி உண்மையும்கூட. 0.8 குணகம் உள்ள சாலையில் 60 கி.மீ. வேகத்தில் திரும்பக்கூடிய வளைவில், 0.2 உள்ள பனியில் 30 கி.மீ.தான் தாங்கும். எனவே எந்த டயர் போட்டிருந்தாலும் மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனால் குறுக்கே ஓடி வரும் மானுக்கும் பின்னால் வழுக்கிக்கொண்டு வரும் லாரிக்கும் இந்த நிதானம் தெரியாது.

மூன்றாவது, செலவு. மாணவர்களுக்கு இதுதான் பெரிய தடை. இரண்டு செட் டயருக்குப் பணம் எங்கே, ஒற்றை அறையில் நாலு டயரை வைக்க இடம் எங்கே? ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாமல் கிடக்கும் என்பதால் இரண்டுமே கூடுதல் காலம் வரும் என்பது உண்மை. ஆனால் முதலில் கையை விட்டுப் போகும் காசு காசுதான். இதற்காக இரண்டு டயரை மட்டும் வாங்கி முன்சக்கரத்தில் மாட்டுகிறார்கள் சிலர். அது இன்னும் மோசம். முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கிச் சுழன்று வரும். மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும்.

இவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. பெயர் 'ஆல் வெதர்'. ஆல் சீசன் மாதிரியே ஒலிக்கும், குழப்புவதற்கென்றே வைத்தது போன்ற பெயர். இவை ஆண்டு முழுக்க ஓட்டலாம், மலைக்குறியும் உண்டு. 2015-ல் ஐரோப்பாவில் வந்த மிஷெலின் கிராஸ்கிளைமேட் இந்த வகையைப் பிரபலமாக்கியது. நல்ல பனி டயர் அளவுக்குப் பனியிலோ பனிக்கட்டியிலோ நிற்காது. ஆனாலும் சாதாரண ஆல் சீசனை நம்பி இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஒரு செட்டுக்கு மட்டுமே வழி உள்ளவர்கள் பனி ஊரில் வாங்க வேண்டியது இதைத்தான்.

யாருக்கு எது?

ஆல் சீசன் டயரைக் குப்பை என்று ஒதுக்குவது நியாயமில்லை. டாலஸிலும் அட்லான்டாவிலும் கலிபோர்னியக் கடற்கரையிலும் இருப்பவர்களுக்கு அது பொருத்தமான டயர். பட்டன் தேய்வதையும் காற்றையும் கவனித்துக்கொண்டால் போதும். எப்போதாவது பனி விழுந்தால் அன்றைக்குக் காரை வீட்டிலேயே நிறுத்திவிடலாம். பஃபலோ, மினியாபொலிஸ், மான்ட்ரியல் போன்ற ஊர்களில் அது மூன்று பருவத்துக்கான டயர் மட்டுமே. நாலாவது பருவம் அதன் பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் குனிய வேண்டும். பக்கச்சுவரில் மலைக்குறி இருக்கிறதா? பள்ளத்தில் நாணயம் எவ்வளவு இறங்குகிறது? டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் என்ன? 3518 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்த டயர். வயதான ரப்பர் பள்ளம் ஆழமாக இருந்தாலும் இறுகித்தான் போயிருக்கும்.

மூன்று கேள்விக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு கால் டாலர். அதையும் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பேரம் பேசி மிச்சம் பிடித்த இருநூறு டாலரை டயர் கடையில் கொடுத்துவிட்டால், நவம்பர் மாதச் சிக்னலில் அந்த நாலு பேரும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார்கள்.